நாற்காலியோடு ஏற்றுகிற வண்டி

மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் லாட்ஜ் போர்வைகள் ஒன்றும் காயவில்லை. முன்னறையில் கட்டின கொடி போதாமல் நடைவழியில் கட்டி, அதுவும் போதாமல் கணவன் படுத்திருக்கும் பின்னறையிலும் குறுக்கே ஒரு கயிறு இழுத்திருந்தாள் லாண்டரிக்காரி. காலையில் கண் விழித்தால் அவன் மூஞ்சிக்கு நேரே ஈரத் துணிதான் தொங்கும்.

"பொணத்துக்குப் போத்துற மாதிரி இருக்கு" என்பான்.

"போத்திக்கிட்டுத் தூங்குங்க. எனக்கு வேலை இருக்கு" என்பாள் அவள்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் கோபமாக இருக்கிற நாளில் துணி கூடுதலாக வெளுக்கும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சண்டை போட்டுவிட்டு அவளிடமே துணி போடுகிற ஆட்களும் உண்டு. கை அப்படி. கறை எதுவென்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவாள்.

வீட்டின் முன்னறைதான் லாண்டரி. ஒரு காலத்தில் அங்கே இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று, ஆள் உள்ளே புகுந்து உட்காரலாம் என்கிற அளவுக்குப் பெரிய துவைக்கிற டிரம். இன்னொன்று உருளை இஸ்திரி மெஷின். சூடான நீள உருளைக்குள் ஈரப் போர்வையின் ஒரு முனையைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, தேய்த்து, தகடு போல வெளியே வரும். மழைக்காலத்தில் அந்த மெஷின் இருக்கிறவன்தான் லாண்டரிக்காரன், மற்றவன் எல்லாம் சும்மா. டிரம்மை அவள் விற்றாயிற்று. கடைத்தெருவில் இருக்கிற பெரிய லாண்டரிக்காரர்தான் வாங்கினார். வாங்கின கையோடு, "இத உன்னவிட யாரும்மா நல்லா ஓட்டப் போறா" என்று அவளையே தினக்கூலிக்கு வரச் சொன்னார். அவர் பேச்சில் தேன் ஒழுகும், விலை பேசும்போது மட்டும் காது கேட்காது. ஆக, பகலெல்லாம் அவள் தன் மெஷினை அடுத்தவர் கடையில் ஓட்டுகிறாள். சாயங்காலம் வந்து லாட்ஜ் போர்வைகளைக் கையால் துவைத்து இங்கே உருளையில் கொடுக்கிறாள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், இந்தப் பக்கம் கொடுக்க ஒருவர், அந்தப் பக்கம் வாங்க ஒருவர். அவளுக்கு அந்த இரண்டாவது ஆள் கிடையாது. முனையைக் கொடுத்துவிட்டு ஓடுவாள், வாங்கிவிட்டுத் திரும்பி ஓடுவாள். ஒண்டி ஆளாக ஒரு சாயங்காலத்தில் ஓட்ட முடிவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கொடியில் தொங்கும்.

டிரம் போனது வேனுக்கு. அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

அவள் கணவன் சாரம் கட்டுகிறவன். கட்டடத்தைச் சுற்றிக் குழாயும் பலகையும் கட்டி, மற்றவர்கள் ஏறுவதற்கு முன்னால் முதலில் ஏறுகிற ஆள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் உச்சி. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. எவ்வளவு உயரமானாலும் மேலே போய் நின்று ஒரு கையை விட்டுவிட்டுத் தலையைத் துவட்டிக்கொள்வானாம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், நான்காவது மாடி உயரத்திலிருந்து பலகையோடு வந்துவிட்டான். கீழே மணல் குவியல் இருந்ததால் ஆள் மிஞ்சினான். இடுப்பிலும் முதுகிலும் ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் செலவை வேலை கொடுத்தவர்கள் கட்டினார்கள். அதோடு கையைக் கழுவிக்கொண்டார்கள்.

"வாரத்துல மூணு நாள் பயிற்சிக்கு வரணும். இவர மடக்கிக் கார்ல திணிக்கக் கூடாது. சக்கர நாற்காலியில உக்கார்ந்தபடியே கொண்டு வாங்க" என்று டாக்டர் சொன்னார். சொல்வது சுலபம். பயிற்சிக்கூடம் ஊரின் மறுகோடியில். நாற்காலியோடு ஆளை ஏற்றுகிற வேன் ஒன்று இருப்பதே அதற்கப்புறம்தான் அவளுக்குத் தெரியும். டாக்சிக்கு நாலு மடங்கு. ஒரு தடவை போய்வர அவளுடைய இரண்டு நாள் வருமானம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பார்த்தாள், ஆகவில்லை. டிரம் போயிற்று.

முதல் சில வாரம் கூடவே போனாள். தினக்கூலிக்குச் சேர்ந்த பிறகு முடியவில்லை. வேன் ஓட்டுகிற அண்ணன்தான் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். வேனின் பக்கவாட்டுப் பலகையை இறக்கி, நாற்காலியை மேலே தள்ளி, தரையில் இருக்கிற கொக்கிகளில் நாலு பக்கமும் வார் மாட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீ வேலையப் பாரு. மச்சான் என் பொறுப்பு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவருக்குப் பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவருடைய யூனிஃபார்ம் சட்டைகளைக் காசு வாங்காமல் வெளுத்துக் கொடுத்தாள், காலருக்குக் கஞ்சி வைத்து.

"இன்னிக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று சாயங்காலம் கேட்பாள்.

"என்ன இருக்கு. காலப் பிடிச்சு இழுக்கறான், விடறான்" என்பான் உச்சி. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். அவள் மேலே கேட்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரி ஆரஞ்சுப் பழத்தோடு வருவார். நல்ல மனிதர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சீக்கிரம் எழுந்திரு உச்சி. உன் பலகை மேல காலியாவே கெடக்கு. வேற எவனையும் ஏத்தல, நீ வந்துதான் ஏறணும்" என்பார். அவர் போன பிறகு உச்சி சாப்பிட மாட்டான். வேலைக்குப் போக முடியாத ஏக்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

காலையில் அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதுதான் அன்றைய முதல் வேலை. அவன் கைகளைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அவன் முழங்காலைத் தன் முழங்காலால் அணை கொடுப்பாள். "பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டு மூச்சைப் பிடித்து ஒரு தூக்கு, ஒரு திருப்பு. முதுகில் ஒரு இடத்தில் மளுக்கென்று ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது, போகவே இல்லை. கொஞ்ச நாளாக அவன் முன்னைப் போலக் கனக்கவில்லை என்று வேறு தோன்றியது. ஆள் உள்ளுக்குள் கரைகிறான் என்று பயந்துபோய், தன் தட்டிலிருந்த முட்டையை அவன் தட்டுக்கு மாற்றினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, குனிந்தபடி தின்றான்.

இப்போது உருளை மெஷினுக்கும் விலை பேசியாயிற்று. பெரிய லாண்டரிக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டார். நாளை மறுநாள் ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள். அரை வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் வேன் வாடகையில் கொஞ்சம் குறைப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முன்பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வேன் ஆபீசுக்குப் போனாள் லாண்டரிக்காரி.

ஆபீஸ் என்றால் ஒரு தகரக் கொட்டகை, மூன்று வேன், ஒரு மேசை. முதலாளி ஒரு பெண். முன்பு நர்சாக இருந்தவள், அதனால் எல்லோரையும் நோயாளியைப் பார்க்கிற மாதிரி முதலில் நகத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகத்தை.

"உக்காரும்மா. கை ஏன் இப்படி வெந்து போயிருக்கு?"

"சோப்பு, சூடு, எல்லாந்தான். அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. டாக்சிக்காரன் இதே ரோட்டுலதான் போறான். இதே டீசல்தான் போடறான். உங்களுக்கு மட்டும் ஏன் நாலு பங்கு?"

வேன்காரம்மா சிரித்தாள். "கேக்காதவங்க யாரு. எழுந்து வா, காட்டறேன்."

மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு வேனின் கதவைத் திறந்து காட்டினாள். "எண்ணிப் பாரு, எத்தன சீட்டு இருக்கு? டிரைவர் சீட்டு, கூட வர்றவங்களுக்கு ஒண்ணு. ஏழு பேரு போக வேண்டிய வண்டியில சீட்டையெல்லாம் பிடுங்கிட்டு ஒருத்தர ஏத்தறேன். இந்தப் பலகை, இந்தக் கொக்கி, இந்த வாரு எல்லாம் தனியாப் போட்டது. வாரு இத்துப் போறதுக்கு முன்னாலயே மாத்தணும், இல்லன்னா பிரேக் போட்டா நாற்காலி பறந்துடும். இன்சூரன்ஸ் ரெட்டிப்பு. டிரைவருக்கு ஆளத் தூக்கத் தெரியணும். உங்க வீட்டுக்கு வரும்போது காலி வண்டி, விட்டுட்டு வரும்போது காலி வண்டி. நடுவுல பயிற்சி முடியற வரைக்கும் வாசல்ல தூங்குது. அதுக்கும் நான் கூலி குடுக்கணும்ல?"

"அப்ப ஆம்புலன்ஸ் மட்டும் சும்மா வருதே."

"உயிரு போகுதுன்னா வருவான். பயிற்சிக்குப் போறேன்னா வருவானா? சாகப் போறவங்களுக்கு ஆம்புலன்ஸ் இருக்கு. நடக்கறவங்களுக்கு டாக்சி இருக்கு. நடுவுல மாட்டிக்கிட்டவங்களுக்குன்னு எவனும் யோசிக்கல. அந்த நடுவுலதாம்மா நான் கட போட்டிருக்கேன். இதுல நான் மாளிகை ஒண்ணும் கட்டிடல. பாரு, தகரம் ஒழுகுது."

உண்மைதான், மேசை மேல் ஒரு வாளி இருந்தது. லாண்டரிக்காரிக்கு முதல் தடவையாக அந்த விலை புரிந்தது. புரிந்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது. யாரோ கொள்ளையடிக்கிறார்கள் என்று வயிறு எரிந்துகொண்டு கொடுப்பதைவிட, கணக்குத் தெரிந்து கொடுப்பது மேல்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "அரை வருஷத்துக்குக் கட்டிடறேன்க்கா. கொஞ்சம் குறைச்சுக்கோங்க. கடைசி மெஷின வித்த காசு."

வேன்காரம்மா கையை நீட்டவில்லை.

"மெஷினயா வித்த?"

"வேற என்ன இருக்கு?"

"இரு. நாற்காலியோடதான் போகணும்னு கடைசியா யாரு சொன்னா?"

"ஆபரேஷன் பண்ண டாக்டரு."

"அது எட்டு மாசக் கதையாச்சே. அதுக்கப்புறம் யாரையும் கேக்கலியா? இங்க வர்றவங்கள்ல பாதி பேரு கொஞ்ச மாசத்துல கட்டில்லேர்ந்து சீட்டுக்கு மாறக் கத்துக்குவாங்க. அப்புறம் எனக்கு டாட்டா காட்டிட்டு டாக்சியில போயிடுவாங்க. என் வாயால இத நான் சொல்லக் கூடாது, என் பொழப்பு இது. ஆனா வித்த காசுன்னு சொல்லிட்ட, எனக்கு உள்ள எறங்காது. இன்னிக்கு அவரு பயிற்சிக்குத்தான போயிருக்காரு? நீ நேராப் போயி அங்க இருக்கற பயிற்சிக்காரரக் கேளு. இன்னும் வேன்தான் வேணும்னு அவரு சொன்னா திரும்பி வா, நல்லாக் குறைச்சுத் தர்றேன்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஷட்டர் சரியாக மூடாமல் சாரல் அடித்தது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. வெகு நாளைக்கப்புறம் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. 'அய்யா, சீட்டுக்கு மாற மட்டும் கத்துக் குடுத்துடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்' என்று கேட்க வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு மாதம் ஆகட்டும், இரண்டு மாதம் ஆகட்டும். மெஷினைக் கொடுக்க வேண்டாம். அந்தத் தேன்வாயர் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

பயிற்சிக்காரர் நடுவயசுக்காரர். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நான் உச்சியோட வீட்டுக்காரிங்க."

"அட, நீங்களா? வாங்க வாங்க. உங்களத்தான் பாக்கணும்னு நினைச்சுட்டிருந்தேன். ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா. நாங்க இங்க ஒரு மணி நேரம் பண்றது பெரிசில்ல. வீட்ல இருக்கறவங்க நடக்க வைக்கணும். அவரு எல்லாம் சொன்னாரு. சாயங்காலம் சாயங்காலம் நீங்கதான் சுவரோரமாப் பிடிச்சு நடத்திட்டுப் போவீங்களாமே."

அவள் ஒரு நாளும் அவனைப் பிடித்து நடத்தியதில்லை. அவர் தொடர்ந்து பேசினார்.

"முதல் தடவையா அவரு கம்பிய விட்டுட்டு நின்னப்ப இந்தக் கூடமே கை தட்டிச்சு. உங்க வேன் டிரைவரு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு. வீட்லேர்ந்து வரலியான்னு கேட்டேன். லாண்டரிய விட்டுட்டு வர முடியாதுன்னாரு. பாவம், நீங்க பாத்திருக்கணும்."

"அது எப்பங்க?"

"ஆச்சே, மூணு மாசத்துக்கு மேல. அப்பவே சொல்லி அனுப்பினேனே, இனிமே வேன் வேணாம், சாதாரணக் கார்லயே வரலாம்னு. வேன்ல ஆட்டம் தெரியாது, பழகிடுச்சு, அதுலயே வர்றேன்னாரு. சரி, வசதி இருக்கறவங்கன்னு விட்டுட்டேன்."

வசதி இருக்கிறவங்க. தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தின் பின்பக்கம் ஒரு தாழ்வாரம், அதன் கோடியில் டீ விற்கிற சன்னல். நாற்காலி சுவரோரம் தனியாக நின்றது. உச்சி கைத்தடியை ஊன்றிச் சன்னலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான். இன்னொரு கையில் டீ கிளாஸ். வலது காலைக் கொஞ்சம் இழுத்தான், அவ்வளவுதான். ஏதோ சொல்லிச் சிரித்தான். வேன் அண்ணன் அவள் வெளுத்துக் கொடுத்த சட்டையில் நின்று அதைக் கேட்டுச் சிரித்தார். அவர்தான் அவளை முதலில் பார்த்தார். சிரிப்பு அப்படியே வாயில் நின்றுபோயிற்று. உச்சி திரும்பினான். பிறகு அவன் செய்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. நாலு எட்டு வைத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"கெளம்பலாம்" என்றாள் அவள்.

பலகையை இறக்கி, நாற்காலியைத் தள்ளி, அண்ணன் வார்களை மாட்டினார். ஒரு கொக்கி விழாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஒழுங்கா மாட்டுங்கண்ணே. காசு வாங்கறீங்கல்ல."

வழி நெடுகத் துடைப்பான் கண்ணாடியில் போய்ப் போய் வந்தது. நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்ட உச்சி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வளைவு வந்தபோது பழக்கதோஷத்தில் அவன் தோளைப் பிடிக்க அவள் கை போயிற்று. பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அண்ணன் தயங்கி நின்றார்.

"தங்கச்சி..."

"அப்படிக் கூப்பிடாதீங்க."

"சரி. நான் சொல்லிடறேன். முதல்ல அவருதான் கேட்டாரு, வீட்ல சொல்லாதீங்கன்னு. ஒரு வாரந்தான்னாரு. எனக்கு ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு கூலி. உங்க சவாரி போச்சுன்னா வாரத்துல மூணு நாள் எனக்கும் போச்சு. அதனால நானும் வாய மூடிட்டேன். பொய் சொல்ல மாட்டேன்."

"இப்பத்தான் பொய் சொல்ல மாட்டீங்களா?"

உள்ளே போய், அடுத்த வாரத்துக்கென்று ஊறிக்கொண்டிருந்த அவருடைய சட்டைகளை வாளியிலிருந்து அப்படியே எடுத்தாள். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு மழையில் நின்றார்.

பின்னறையில் கட்டியிருந்த போர்வைகளை ஒவ்வொன்றாக உருவி மூலையில் போட்டாள். கயிறு காலியானது. நாற்காலி நடுவில் இருந்தது, அவன் அதில் இருந்தான்.

"ஏதாச்சும் திட்டு" என்றான்.

"எழுந்திருங்க."

"ஏ..."

"அவங்க முன்னால எல்லாம் எழுந்தீங்கல்ல? கை தட்டுனாங்களாமே. எம் முன்னாலயும் எழுந்திருங்க. நானும் பாக்கறேன்."

கைப்பிடியை அழுத்தி எழுந்தான். தடியைத் தேடாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவளுடைய பார்வை அவன் மார்பில்தான் போய் நின்றது. இவன் இவ்வளவு உயரம் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. எட்டு மாதமாகக் குனிந்தே பார்த்துப் பழகிய முகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"உக்காருங்க" என்றாள். கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஏன்?"

காலைத் தடவிக்கொண்டே சொன்னான். "பயமா இருக்கு."

"எதுக்கு?"

"கண்ண மூடுனா கீழ போயிட்டே இருக்கேன். தர வர மாட்டேங்குது. பகல்லயும் வருது. மேஸ்திரி பலகைய காலியா வச்சிருக்கேன், காலியா வச்சிருக்கேங்கறாரு. கால் வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அவரு வந்து நிப்பாரு. நான் மேல ஏறணும்."

"நான் ஏறச் சொன்னேனா?"

"நீ சொல்ல மாட்ட. மெஷின் போன எடத்தப் பாத்தா எனக்கே தெரியாதா ஏறணும்னு?"

"மெஷின் எதுனால போச்சு?"

அவன் காலிக் கயிற்றைப் பார்த்தான்.

"டிரம்மு போனது ஆரம்பத்துல, அத விடுங்க. உருள மெஷினுக்கு விலை பேசறப்ப இந்தக் கட்டில்ல படுத்துக் கேட்டுட்டுத்தான இருந்தீங்க? ஒரு வார்த்தை. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மேஸ்திரிய வாசல்லயே நிறுத்தி ஆரஞ்சுப் பழத்தோட அனுப்பியிருப்பேன். இவரு இனிமே ஏற மாட்டாரு, வேற ஆளப் பாருங்கன்னு."

"பயந்தவன உச்சின்னு எவன் கூப்பிடுவான்?"

"உங்க பேரக் காப்பாத்த என் முதுகா கெடச்சுது?"

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் விடவில்லை. குரல் உயரவும் இல்லை. தெருவில் யாருக்காவது கேட்டிருந்தால் அரிசி விலை பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"முட்டையத் தின்னீங்களே. கனம் குறையறீங்கன்னு என் முட்டையப் போட்டேன். நீங்க குறையல, தூக்கறப்ப நீங்களே கால ஊனிட்டிருந்தீங்க. அதத்தான் நான்... சரி, அதையும் விடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தெனம் காலையில என் கழுத்தக் கட்டிக்குவீங்களே. அப்ப என்ன நினைச்சுக்குவீங்க? இவ ஏமாந்தவன்னா?"

"இல்ல."

"பின்ன?"

"அந்த நேரம் மட்டுந்தான் எனக்குப் பயம் இல்லாம இருந்துச்சு."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் எரிந்தது. அவனுக்குப் பயம் போவதற்கு அவள் இடுப்பு ஒடிந்திருக்கிறது. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அடுத்த நாளும் கையை நீட்டியிருக்கிறான். அவன் எழுந்து நிற்கிற அந்த நாளை நினைத்து நினைத்துத்தான் அவள் அடுத்தவர் கடையில் தன் மெஷினை ஓட்டினாள். அந்த நாள் வந்து, முன்பின் தெரியாதவர்கள் கை தட்டி, டீயும் குடித்து முடித்துவிட்டார்கள். இனி அது இன்னொரு தடவை வராது.

அவள் அழுதாள். அவன் கையை நீட்டினான். அவள் ஈரப் போர்வைகளை அள்ளிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முன்பணத்தைப் பெரிய லாண்டரிக்காரரின் மேசையில் வைத்தபோது, முதல் தடவையாக அவர் பேச்சில் தேன் இல்லை.

"என்னம்மா வெளையாடறியா? ஆளுக்கு, வண்டிக்கு எல்லாம் சொல்லி வச்சுட்டேன். வாக்குன்னா ஒரு மதிப்பு வேணாமா?"

"வாக்கு ஒரு ஆளுக்காகக் குடுத்தேங்க. அந்த ஆளு இப்ப எங்க வீட்ல இல்ல."

அவருக்கு அது புரியவில்லை. உச்சி செத்துவிட்டானோ என்று ஒரு நிமிஷம் விழித்தார். விஷயம் அதில்லை என்று தெரிந்ததும், "அப்ப நாளையிலேர்ந்து வேலைக்கும் வர வேணாம்" என்றார். உள்ளே டிரம் ஓடிக்கொண்டிருந்தது. புது ஆள் யாரோ தூளை அதிகமாகப் போட்டுவிட்டிருந்தான், நுரை தரையில் வழிந்தது. வேறு நாளாக இருந்தால் துடைத்திருப்பாள். அன்றைக்குத் தாண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவனை யாரும் தூக்கவில்லை. காலையில் கட்டில் கம்பி கிரீச்சென்று சத்தம் போடும், அவன் தானாக எழுந்து முகம் கழுவிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தபோது அவள்தான் வாசலில் நின்று பேசினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டுப் போனார். பழப் பையைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவர்மேல் என்ன தப்பு? ஒரு சாயங்காலம் உருளை ஓடிக்கொண்டிருக்கையில் உச்சி தடியைச் சாத்திவிட்டு மறுபக்கம் வந்து நின்றான். வெளியே வந்த போர்வையைச் சூடு பொறுக்காமல் விரல் மாற்றி விரல் மாற்றி வாங்கினான். முனை சேர்த்து மடித்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலிக்கு ஒரு ஆள் வந்து நின்றிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பாள். அடுத்த போர்வையைக் கொடுத்தாள்.

"எனக்கு எதுவும் மன்னிப்புக் கெடையாதா?" என்று உருளைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"முனையப் பிடிங்க, மடங்குது" என்றாள்.

பயிற்சி இன்னும் கொஞ்ச நாளைக்கு உண்டு. அன்றைக்குச் சாதாரண டாக்சிதான் வந்தது. சின்ன வண்டி, முன்பின் தெரியாத டிரைவர். மழை விட்டிருந்தது. வாசலில் நின்ற லாண்டரிக்காரியையும், நடைவழியில் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த உச்சியையும் மாறி மாறிப் பார்த்தார் டிரைவர். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"அய்யா தானா ஏறிக்குவாரா, இல்ல தூக்கி வைக்கணுமாம்மா? தூக்கணும்னா தனிச் சார்ஜுங்க, அதான் முன்னாடியே கேட்டுக்கறேன்."

உச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இந்த எட்டு மாதமாக டாக்டரும் டிரைவரும் மேஸ்திரியும் அவனைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொன்னது அவள்தான். எந்த இடத்தில் வலிக்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், எவ்வளவு கனப்பான் என்று எல்லாம்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் லாண்டரிக்காரி. "அவரையே கேட்டுக்குங்க."